எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும்

எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டு பேரூராட்சி அலுவலகம். அங்கே கொட்டகையில் ஒரு ஆம்புலன்ஸ் நிற்கிறது. அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடுகிறதே என்று ஊரே வசூல் பண்ணி, அரசாங்கமும் பாதி போட்டு வாங்கிய வண்டி. டிரைவர் சம்பளத்தைச் சுகாதாரத் துறை தரவேண்டும் என்றது பேரூராட்சி. வண்டி பேரூராட்சியுடையது, அவர்களே தரட்டும் என்றது துறை. இரண்டு பேரும் கையை விரித்ததில் வண்டி நின்ற இடத்திலேயே நின்று பேட்டரி செத்தது.

ஆனால் ஆயுத பூஜை மட்டும் தவறாது. சந்தனம், மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பழம் நசுங்காவிட்டால் ஊருக்கு ஆகாதாம். ஓடாத வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி நசுக்குவார்கள்.

போன வருஷம் காற்றிறங்கிய டயர் அசையவே இல்லை. "இன்னும் ரெண்டு பேரு வாங்கலே!" என்று குரல் வந்ததும் பக்கத்தில் நின்ற என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்த மனுஷன்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன்.

"ஏட்டி, ஒரு கை கொடுத்தா தேஞ்சா போவேன்?"

பழம் நசுங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். "யாராவது ஆம்புலன்சக் கூப்பிடுங்கலே!" என்று ஒருவர் கத்தினார், மாலை போட்ட ஆம்புலன்ஸில் சாய்ந்து நின்றபடியே. எனக்கு அழுகை வரவில்லை. அத்தனை பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது. வாழைத்தார் இறக்க வந்த லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்த்தான் பிழைக்க வைத்தோம். இன்னொன்றை இந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு பேரூராட்சிக்கு நடையாய் நடந்தேன். செயல் அலுவலர் பொறுமையாகத்தான் சொன்னார்: "பராமரிப்புக்கு நிதி இருக்கும்மா. டிரைவருக்குத்தான் ஒதுக்கல." இருந்த நிதியில் வண்டிக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். 'இருபத்துநான்கு மணி நேர சேவை' என்று பெரிய எழுத்தில் எழுதினார்கள். 

இந்த வருஷம் பூஜையன்று காலையிலிருந்தே அவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டல் தாளிக்கத்தான் அடுக்களைக்குள் போனேன். பக்கத்துக் காம்பவுண்டில் பூசணிக்காய் உடைத்த சத்தம் கேட்டது. பிறகு அதே குரல்: "இன்னும் ரெண்டு பேரு வாங்கலே!"

கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தேன். அவர் செருப்பைக் காணவில்லை.