புகையாத ஏழாவது அடுப்பு

மீனாளின் விரல்கள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒரு கல்லை எடுப்பாள், பார்ப்பாள், திரும்ப அரிசிக்குள்ளேயே போடுவாள். திங்கட்கிழமை என் கட்டுத்துணியிலிருந்து நூல் ஒன்று அந்த முறத்தில் விழுந்திருந்தது. புதன்கிழமையும் அது அதே இடத்தில் கிடந்தது. அந்த அரிசி உலைக்குப் போகவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அது 1931. காரைக்குடியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் வேலை பார்த்தேன். மீனாளின் மாமியார் சொர்ணவல்லி ஆச்சிக்கு நீரிழிவு. காலில் ஆறாத புண். தினமும் காலையில் போய்க் கட்டு மாற்றுவேன். வீட்டின் இரண்டாங்கட்டில் வரிசையாக ஏழு அடுப்புகள். மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு வருஷத்துச் சாமான் எல்லாம் கொடுத்து, அதே வீட்டுக்குள் வேறு வைத்துவிடுவது அவர்கள் வழக்கம். மீனாளைப் பதினாறு வயதில் வேறு வைத்தார்கள். அவள் கணவன் சுந்தரம் அடுத்த மாதமே ரங்கூனுக்குக் கப்பலேறினான். மூன்று வருஷத்தில் திரும்பியிருக்க வேண்டும். நெல் விலை விழுந்து கடை நொடித்ததால் வரமுடியவில்லை என்று கடிதம்தான் வந்தது. பத்தொன்பது வயதில் அவள் தன் ஒருத்திக்காக அந்த ஏழாவது அடுப்பை வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு என்ன என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். மாமியார், "சடவு. அவளுக்கு வளஞ்சு வேலை செய்ய ஏலாது" என்றார். ஓர்ப்படியாள் வீரலட்சுமி, "புருசன் நெனப்பு" என்றாள். வைத்தியர் வாயு என்று சூரணம் கொடுத்தார். வாசல் கூட்டும் ராக்காயி, "கெணத்தடிக் காத்து அடிச்சிருக்கு நர்சம்மா, வேப்பிலையைக் கொண்டாங்க" என்றாள்.

எங்கள் கம்பவுண்டர் இராமு பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, "டிப்ரெஷன்" என்றார். அந்த வருஷம் அந்தச் சொல் எங்கும் கிடந்தது. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் குறைந்தால் அதே சொல், உலகத்து வியாபாரம் படுத்தாலும் அதே சொல், மனம் குன்றினாலும் அதே சொல். நான் அதை முதலில் கற்றது ஒரு காலில். பயிற்சியின்போது எங்கள் டாக்டரம்மா நோயாளியின் வீங்கிய பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, அங்கே நின்ற குழிக்கு அந்தப் பெயரைச் சொன்னார். கீழே அழுத்துவது என்றுதான் லத்தீனில் அதற்குப் பொருளாம். "குழியின் பெயரை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள், அழுத்தியது எது என்று பாருங்கள்" என்றார்.

ஆகவே அந்தப் புதன்கிழமை மீனாளின் புறங்காலில் விரலை அழுத்தினேன். குழி விழுந்தது, நான் இருபது எண்ணும்வரை நிரம்பவில்லை. பட்டினி கிடந்தாலும் கால் இப்படி வீங்கும்.

"ஒங்க கட்டவெரல் பட்டா பேய் ஓடிருமாக்கும்?" என்றாள் ராக்காயி.

"நீ ஓடு முதல்ல" என்றுவிட்டு மீனாளிடம், "நேத்து எங்க சாப்பிட்டீக?" என்றேன்.

"சாப்பிட்டேன்" என்றாள் மீனாள், முறத்தைப் பார்த்தபடி.

"எந்த அடுப்புல?"

அவள் ஒரு கல்லை எடுத்துத் திரும்ப அரிசிக்குள் போட்டாள். நான் எழுந்து ஒவ்வோர் அடுப்பாகக் கேட்டேன். வீரலட்சுமி, "அத்தை அடுப்புலதான்" என்றாள். அடுத்தவள், "வீரலட்சுமி போடுவா" என்றாள். இன்னொருத்தி, "ஆறாவது அடுப்புல பாருங்க" என்று கை காட்டினாள். ஆறாவது அடுப்புக்காரி, "பெரிய ஆச்சி கூடத்தானே?" என்று என்னையே கேட்டாள். ஆறு அடுப்பும் சுற்றியதில், இரண்டு மாதமாக மோரும் வெற்றிலையும் தவிர யாரும் அவளுக்கு எதுவும் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. சொர்ணவல்லி ஆச்சியிடமே வந்து நின்றேன்.

"நாளைக் காலையில பெத்தன் வண்டி கொண்டாரான்" என்றார் ஆச்சி. "மீனாளைச் சாமானோட அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிருவேன். நீ எதுக்கு அடுப்பு அடுப்பாப் போற?"

சீர்ச் சாமானோடு ஒருத்தி பிறந்த வீட்டுக்குப் போனால் பிறகு திரும்புவதில்லை. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "ரெண்டு மாசமா மோரும் வெத்தலையும்தான் அவுக சாப்பாடு. ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் போடுறாகன்னு நெனச்சிருக்கீக."

ஆச்சி மீனாளின் வீங்கிய காலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "எனக்குப் புண்ணு கால்லதான், கண்ணுல இல்லையே" என்றார். உடனே மீனாளைப் பார்த்துச் சத்தம் போட்டார். "வாய் தொறந்து கேட்டா என்னடி?"

"வேறு வச்ச பெறகு அடுத்த அடுப்புல போய் நின்னா எங்க ஆத்தாவைத்தான் பேசுவாக" என்றாள் மீனாள். "பொறுக்கி ஒலை வைப்போம்னுதான் நெனைக்கிறேன். அரிசியில கல்லு போகவே மாட்டேங்குது."

மீனாளை ஆச்சி தன் அடுப்பில் உட்காரவைத்தால் வேறு வைத்தது முறிந்தது என்றாகிவிடும். அவருக்கு அது தெரியும். ஆனால் மாமியார் தன் மகனின் அடுப்பில் வந்து சாப்பிடலாம். அதற்குத் தடை இல்லை. அதைத்தான் நான் கேட்டேன். புண் கழுவ வெந்நீர் மீனாள் அடுப்பில் காய வேண்டும், ஆச்சிக்குக் கேழ்வரகுக் கூழும் அங்கேயே கிண்ட வேண்டும், மீனாளும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்றேன்.

"ஒன் சமையலை என் வாயில வைக்க முடியுமாடி?" என்றார் ஆச்சி.

"தெரியல அத்தை" என்றாள் அவள். எதையும் மறைக்காமல் அவள் சொன்ன பதில் அது என்று நினைக்கிறேன்.

அடுப்பு மூட்டியதால் அவள் நோய் போய்விட்டது என்று எழுதமாட்டேன். பல மாதங்கள் அவள் பாதி வேலையில் உட்கார்ந்துவிடுவாள், ஆச்சி அதட்டுவார், எழுந்திருப்பாள். சுந்தரம் வர இன்னும் இரண்டு வருஷமானது. பின்னாளில் மீனாளே அந்த வீட்டின் பெரிய ஆச்சியான பிறகு, தினம் விடிந்ததும் இரண்டாங்கட்டில் ஒரு நடை போய், எந்த அடுப்பு புகையவில்லை என்று பார்த்த பிறகே காப்பி குடிப்பார். அவரிடம் நான் காரணம் கேட்டதில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் காலை நான் போனபோது ஏழாவது அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. விறகு ஈரம், மீனாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதினாள். சொர்ணவல்லி ஆச்சி பன்னிரண்டடி தூரத்தை நொண்டி நடந்து வந்து அவளுக்கு எதிரே பலகையில் உட்கார்ந்திருந்தார். காய்ந்த வயிறு ஒரேயடியாகத் தாங்காது என்று, அரிசிக் கஞ்சியின் தெளிவில் அரை டம்ளர் மட்டும் மீனாளைக் குடிக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து இன்னோர் அரை டம்ளர். ஆச்சி கூழை வாயில் வைத்து, "உப்பு இல்ல" என்றார். மீனாள் எழுந்து போய் உப்பு எடுத்து வந்தாள்.

வாசலில் பெத்தன் வண்டியோடு நின்றான். "சாமான ஏத்தவா ஆச்சி?"

"வெறும் வண்டியாப் போ" என்றார் சொர்ணவல்லி ஆச்சி. "இவ ஆத்தாளை ஏத்திக்கிட்டு வா. இந்த அடுப்புல சாப்பிட நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

நான் வெந்நீரை இறக்கி, ஆச்சியின் கால் கட்டைப் பிரித்தேன்.