திராட்சைத் தோட்டத்தில் நான் சொன்ன பொய்

எட்டு வயதில் நான் யாரையும் எளிதில் நம்பமாட்டேன். பரோட்டா வாங்கித் தருகிறேன் என்று சொல்லியே ஊசி போடக் கூட்டிப்போகிற அப்பாவுக்குப் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்? அந்த அப்பாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனமரத்துப்பட்டிப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்துக்குத் திராட்சை தின்னப் போகலாம் என்றார். வாழைப்பழம் தவிர வேறு பழம் வாங்கிவராத மனிதர். திராட்சை தின்ன எதற்குச் சலவை வேட்டி, அக்காவுக்கு எதற்கு இத்தனை மல்லிகைப்பூ என்று கேட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

அக்கா திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

தோட்டத்துக்காரர், அவர் மனைவி, மகன் என்று மூன்று பேராகவே அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பந்தல் முழுக்கக் கருந்திராட்சை. எங்கள் அப்பா ஒரு குலையைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. போர் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் நிற்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அம்மா அவர்கள் சமையலறையை எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டு அம்மாவோ அக்காவை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. குலை பறிக்கச் சொன்னார், கூடையைத் தூக்கச் சொன்னார், கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. அக்காவை இங்கே வேலைக்கு விடப்போகிறார்கள்.

அந்த மகன் மட்டும் நல்லவராகத் தெரிந்தார். "ஏ மிளகா, இங்க வா" என்று கூப்பிட்டு, இருப்பதிலேயே பெரிய குலையைக் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டிருந்தபோது அவருடைய அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கக்கா ஊட்டு வேலையெல்லாம் செய்யுமா சாமி?"

"அக்காவுக்கு ஆவாதுங்க. வெயில்ல நின்னா பொத்துன்னு உழுந்துரும். வாயில நொரையெல்லாம் வருமுங்க."

என் வகுப்பில் ஒருவன் அப்படி விழுந்ததைப் பார்த்திருந்தேன். அதையே அக்காவுக்கு வைத்துச் சொன்னேன். அந்த அம்மா என் தலையைத் தடவிவிட்டு எழுந்துபோனார்.

கிளம்பும்போது ஒரு கூடைத் திராட்சை கொடுத்து, போன் செய்கிறோம் என்றார்கள். எங்கள் பக்கம் பெண்ணை முதலில் கோயிலிலோ தோட்டத்திலோ தற்செயலாகப் பார்ப்பதுபோலத்தான் காட்டுவார்கள். ஒத்துவராவிட்டால் ஊர் வாய்க்கு அவலாகாது. வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. போன் வராது, அவ்வளவுதான். எங்களுக்கும் வரவில்லை. இந்த வழக்கமெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து, அக்கா மொட்டைமாடியில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வேலைக்குப் போகப் பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்து, நான் போய் நடந்ததை எல்லாம் பெருமையாகச் சொன்னேன். இனி யாரும் உன்னை அங்கே கூப்பிடமாட்டார்கள் என்றும் சொன்னேன். அவள் என்னையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு இழுத்து அணைத்து, என் தோளில் முகத்தைப் புதைத்து இன்னும் அதிகமாக அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நானும் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

மறு வருடம் அக்கா ஈரோட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நான் சொன்ன பொய்யை இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நான், அந்தத் தோட்டத்து மகன் என்னைக் கூப்பிட்ட பெயரை மட்டும் யோசிக்கவில்லை. என்னை மிளகா என்று கூப்பிடுவது இந்த உலகத்திலேயே அக்கா ஒருத்திதான்.