அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பசி இருந்தது. எனக்கு அதோடு ஒரு பயமும் இருந்தது. அப்பாவை நினைத்துத்தான் அந்தப் பயம்.

அப்பா பல வருஷம் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரை ஜப்பான்காரனுக்குப் பயந்து குடும்பத்தோடு மலையை விட்டு ஓடுவதற்குக் கொஞ்ச காலம் முன்பே அவருக்கு நினைவு தடுமாற ஆரம்பித்துவிட்டது. அம்மா செத்துப்போனதை மறந்துவிட்டு அவளைக் கூப்பிடுவார். பிறகு துரை போனதையும் மறந்தார். பங்களாவில் இப்போது ஜப்பான் அதிகாரி இருக்கிறான் என்று எத்தனையோ தடவை சொன்னேன். கேட்டுத் தலையாட்டுவார். சாயங்காலம் ஆனதும் பழைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, "தொரைக்கு டீ போடணும்மா, நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார்.

என் வீட்டுக்காரரை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு என்று லோரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் கடைசிவரை திரும்பவில்லை. நான், எட்டு வயது மகள், தவழ்கிற மகன், அப்பா என்று நான்கு பேரும் தோட்டத்துக் கூலி லயத்தில் ஒரே அறையில் இருந்தோம். தேயிலைக் காட்டைக் கவனிப்பார் இல்லை. சரிவுகளில் மரவள்ளி போடச் சொல்லி எங்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். வேலைக்குப் போனால்தான் அரிசி. அதுவும் வேலை செய்கிற ஆளுக்கு மட்டும்தான். நான் வேலைக்குப் போனால் அப்பாவை யார் பிடித்து வைப்பது?

முன்பு ஆயாக் கொட்டகையில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்கா பக்கத்து லயத்தில் இருந்தார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். கொட்டகையை மூடியதிலிருந்து அவருக்கும் பிழைப்பு இல்லை. அவரிடம் போய் நின்றேன்.

"அக்கா, எங்கப்பாவக் கொஞ்சம் பாத்துக்குங்க. எனக்குக் கெடைக்கிற அரிசியில பாதி தந்துர்றேன்."

"பாதியக் குடுத்துட்டு புள்ளைங்களுக்கு என்ன பண்ணுவ?"

"கெழங்கு இருக்குலா."

காட்டுப்பன்றி கிளறியது போக மிச்சம் இருந்தால்தான் கிழங்கு. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

ஒருநாள் உப்பு கொடுக்கிறார்கள் என்று அக்கா ஆபீசுக்கு ஓடியிருக்கிறார். நான் சரிவில் வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். "அம்மா, தாத்தா பங்களாவுக்குப் போய்ட்டாரு!"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பங்களா வாசலில் சரளைக்கல் மேல் அப்பாவை முட்டி போட வைத்திருந்தார்கள். தூக்கிய இரண்டு கைகளிலும் ஒரு பாறாங்கல். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. அந்த நிலையிலும் காவல்காரனைப் பார்த்து, "தொரை, டீ ஆறிப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தரையில் நெற்றி படக் குனிந்தேன். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வந்து, தனக்குத் தெரிந்த ஜப்பான் பாஷையில் கெஞ்சிப் பேசினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இன்னொரு தடவ இந்தக் கெழவன இங்க பாத்தா தலைய எடுத்துருவேங்கிறான். கட்டிப் போடுவியோ, என்ன செய்வியோ."

மறுநாள் காலையில் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

"என்னால முடியாதும்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையும்தான் புடிப்பான்."

"அக்கா, உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவர் எங்கள் கொல்லையில் கட்டியிருந்த பால் ஆட்டைப் பார்த்தார். அவருடைய மகளுக்கு அப்போது நிறைமாதம். அந்தப் பெண் கை கால் குச்சியாக, வயிறு மட்டும் தெரிய நடமாடிக்கொண்டிருந்தாள். அக்காவை நான் என்ன குறை சொல்ல முடியும்? ஆனால் என் மார்பு வற்றி வெகுநாள் ஆகியிருந்தது. மகன் உயிரோடு இருந்ததே அந்த ஆட்டுப் பாலில்தான்.

ஆட்டை அவிழ்த்துக் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். மகன் ஆட்டின் பின்னால் வாசல்வரை தவழ்ந்து போனான்.

அதன்பின் அக்கா வாசற்படியை விட்டு நகரவில்லை. உள்ளேயிருந்து கதவைத் தட்டித் தட்டி அப்பாவுக்குக் கைத்தோல் உரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் பிள்ளைகளுக்காகக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இதையா தொரை மேசையில வைக்கிறது?" என்று சட்டியோடு வீசிவிட்டார். மகள் தரையில் உட்கார்ந்து, மண் ஒட்டாத பருக்கைகளாகப் பொறுக்கித் தம்பி வாயில் வைத்தாள். நான் அப்பாவை ஓங்கி அடிக்கக் கையைத் தூக்கிவிட்டேன். அவர் சின்னப்பிள்ளை மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். கையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன்.

மகன் மெலிந்துகொண்டே போனான். தவழ்வதையும் நிறுத்திவிட்டான்.

மழைக்காலத்தில் ஒரு நாள், நான் வேலையில் இருந்தபோது, அக்காவின் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. கதவை மறித்து உட்கார்ந்திருந்த அக்கா அங்கே ஓட, அப்பா வெளியேறிவிட்டார். தம்பியை இடுப்பில் வைத்திருந்த மகளால் அவரைப் பிடித்து இழுக்க முடியவில்லை. நான் திரும்பி வந்தபோது மூடுபனி லயம்வரை இறங்கியிருந்தது. பங்களாவுக்குப் போகும் பாதையில் ஏறினேன். அப்பா என்று கத்திக் கூப்பிடவும் பயம். காவல்காரன் காதில் விழுந்தால் முடிந்தது. வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்து பாதையையே மூடியிருந்தன. உள்ளே எங்கோ இருமல் கேட்டது. கிளைகளை விலக்கிக்கொண்டு போனேன். அப்பா நனைந்த கோட்டோடு நடுங்கிக்கொண்டு நின்றார்.

"வழியக் காணோம்மா. எந்தப் பய இப்பிடிக் கவாத்து வெட்டாம விட்டு வச்சிருக்கான்?"

"வாங்கப்பா, வீட்டுக்குப் போயிரலாம்" என்றேன். எதிர்த்துப் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்துகாரர் கையை விரித்தார். "மருந்து இருந்தாத்தானே குடுக்க? மேல துணியப் போத்தி வை." பக்கத்துக் கோலா தெர்லா ஊரில் ஒரு சீனர் நெஞ்சுச் சளிக்கு வேர் தருகிறார் என்றார்கள். அவரும் அரிசிதான் கேட்பார். பானையில் இருந்ததை முந்தானையில் முடிந்தேன். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எல்லாத்தையுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன்.

வேரைக் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்தார். கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். பிறகு என்னை அம்மா என்று நினைத்துக்கொண்டு, துரை இன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார் என்றார். விடியும்போது மூச்சு இல்லை.

புதுத்துணிக்கு எங்கே போவது? கோணிச் சாக்கில் சுற்றித்தான் புதைத்தோம். பிள்ளை பெற்ற மகளை விட்டுவிட்டு அக்காவும் வந்து மண் போட்டார். போகும்போது, "இனிமே எனக்கு அரிசி வேணாம்மா" என்றார். ஆட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அது அவர் உழைத்த கூலி. ஆனாலும் அதற்குப் பிறகு எப்போதாவது ஒரு கொட்டாங்கச்சிப் பால் அவர் வீட்டிலிருந்து வந்தது. மகன் பிழைத்தான். மற்றப் பிள்ளைகளைவிட ரொம்பப் பிந்தித்தான் நடந்தான்.

அடுத்த தடவை அரிசி வாங்கி வந்தபோது மகள் பழக்கத்தில் அதை இரண்டு பங்காகப் பிரித்தாள்.

"வேணாம். எல்லாம் நமக்குத்தான்" என்றேன்.

அன்றைக்குக் கஞ்சி இல்லை, சோறு. பிள்ளைகள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அப்பா போனதால் அவர்கள் வயிறு நிறைகிறது என்று மனசு ஆறுதல்பட்டது. அப்படி ஆறுதல்படுகிற மனசை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மகள் தட்டை நீட்டி, "இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டாள். இருந்தது. போட்டேன்.