வயிற்றுவலி இல்லாத நோயாளி

அன்றைக்கு அந்த மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பரீட்சை எழுத வேண்டிய பெண், மடிக்கணினியை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்ட அவளுடைய அம்மா, சலவைச் சட்டையும் வேட்டியுமாகக் கட்டிலில் நோயாளியாக என் அப்பா, அதாவது நைனா, அலமாரி ஓரமாகக் கேமரா கண்ணில் படாமல் ஒடுங்கி நின்ற நான். இல்லாதவர்கள்: ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் பெண்ணின் அப்பா, லீவு கிடைக்கவில்லை. என்னிடம் பயிற்சி எடுத்த மற்ற மூன்று வருங்கால டாக்டர்கள், அவரவர் வீட்டில் அவரவர் பரீட்சையை நினைத்து நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம், வயிற்றுவலி. அன்றைக்கு வந்தே தீர வேண்டிய முக்கிய விருந்தாளி அதுதான். அது வரவில்லை.

நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருபது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் ஆண் நர்ஸ். ஆஸ்பத்திரி வழக்கப்படி எல்லாருக்கும் 'பிரதர்'. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சான்றிதழோடு வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அதனால் எந்த வேலையைக் கொடுத்தாலும் கொஞ்சம் அதிகமாகவே சிரத்தை காட்டுவேன். இந்தக் கதையில் நடந்த கோளாறுக்கும் அந்தச் சிரத்தைதான் காரணம்.

என்னிடம் பயிற்சி எடுத்த நான்கு பேரும் பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் டாக்டருக்குப் படித்தவர்கள். கொரோனா வந்ததும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாடத்தையெல்லாம் கைபேசியில் நடத்தி முடித்த பல்கலைக்கழகம், கடைசியில் செய்முறைப் பரீட்சையையும் வீடியோவிலேயே வைப்பதாக அறிவித்தது. நோயாளியிடம் விசாரிக்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டும். எல்லாம் வீட்டிலிருந்தே. தவறினால் அந்த வருஷம் முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டும். மற்ற மூன்று பேருக்கு அது அவமானம். இந்தப் பெண்ணுக்கு அது முடிவு. இன்னொரு வருஷம் அனுப்ப வழியில்லை என்று அவளுடைய அப்பா ஒரே ஒரு தடவை, மெதுவான குரலில் சொல்லியிருந்தார். கத்தியிருந்தால்கூட அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

இரண்டு மாதம், டியூட்டி முடிந்த மதியங்களில், அவர்கள் வீட்டு மாடியில் பயிற்சி. பழகுவதற்கு மனித உடல் பொம்மை வாங்கச் சொல்லியிருந்தது பல்கலைக்கழகம். பொம்மையின் விலையைக் கேட்டதும் நாங்கள் உள்ளூர்ச் சரக்குக்கு மாறிவிட்டோம். வயிற்றைத் தட்டிப் பார்த்து ஓசை மாறும் இடத்தைக் கண்டுபிடிக்க, பாதி நிரம்பிய தண்ணீர் கேன். தையல் போட்டுப் பழக, தலையணைமேல் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல் துண்டு. தோல் துண்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா?

தையலில்தான் மானம் போனது. பெண்ணின் அம்மா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பவர். ஒரு நாள் டீ கொண்டுவந்தவர், நான்கு டாக்டர்களின் தையலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது யார் போட்டது?"

"நான்தான் ஆன்ட்டி," என்றான் ஒருவன்.

"எக்ஸ்போர்ட்டு போவாது கண்ணு. லோக்கல்காரன்கூட வாங்க மாட்டான்." அடுத்ததை எடுத்தார். "இது?"

"அது நான்மா," என்றாள் மகள்.

"பிரிச்சிட்டுப் போடு. பீஸுக்கு ஏழு ரூபா குடுக்குறவனே இத பாத்தா மூஞ்சில வீசுவான். இன்னா தம்பி, நீ போட்டுக் காட்டு பாப்போம்."

நான் போட்டுக் காட்டினேன். அதையும் பிரிக்கச் சொன்னார்.

இனி நைனா விஷயம். நோயாளியாகப் படுப்பவர் மாணவருக்கு ரத்த சொந்தமாக இருக்கக் கூடாது என்பது விதி. என்ன வியாதி என்று எழுதிய அட்டை, நோயாளியைப் பழக்கும் ஆளுக்கு மட்டும், அதாவது எனக்கு மட்டும், முந்தின நாள் வரும். மாணவருக்குத் தெரியக் கூடாது. தேடிப்பார்த்ததில் பகலில் ஓய்வாக இருந்த, நம்பிக்கையான, வெட்கமில்லாத ஆள் என் நைனாதான். முப்பது வருஷமாகத் தோல் தொழிற்சாலையில் வேலை. அந்த வாரம் ஷிப்ட் இல்லை.

அட்டையில் குடல்வால் அழற்சி. நேற்றிலிருந்து வலி, தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது பக்கம் கீழே இறங்கியது, ஒரு வாந்தி, லேசான ஜுரம். வீட்டில் ஒத்திகை பார்த்தேன். நைனா பிரமாதப்படுத்திவிட்டார். அவர் போட்ட முனகலைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் சோடா பாட்டிலோடு ஓடிவந்தார்.

"இன்னாயா ஆச்சி?"

"ஒண்ணுமில்லபா, பையன் பாடம் சொல்லிக் குடுக்குறான்," என்றார் நைனா, சோடாவை வாங்கிக் குடித்துக்கொண்டே.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு திருப்தி. பரீட்சைக்குக் கிளம்பும்போது சும்மா இருந்திருக்கலாம். சிரத்தை விடவில்லை. பைக்கில் ஏறும்போது சொன்னேன்: "நைனா, ஃபாரின்காரங்க கம்ப்யூட்டர்ல பாப்பாங்க. அந்தப் பொண்ணு வாழ்க்கையே இதுலதான் இருக்கு. மானத்தக் காப்பாத்திக் குடு."

"அத நான் பாத்துக்கிறேன்டா. எனக்கு இது புதுசா?" என்றார்.

எது புதுசில்லை என்று நான் கேட்கவில்லை.

தோல் தொழிற்சாலைகளை வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குபவர்கள் வந்து சோதிப்பார்கள். ஆடிட் என்பார்கள். வேலை நேரம், கையுறை, குடிதண்ணீர், கக்கூஸ் எல்லாம் பார்த்து, இரண்டு மூன்று தொழிலாளிகளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள். முந்தின நாளே ஆபீஸ் ஆள் வந்து என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் பண்ணவைத்துவிடுவார். நைனா வேலை செய்த இடத்தில் அப்படி உட்காரவைக்க எப்போதும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நைனா. பிசகாமல் ஒப்பிப்பார். கொரோனா வந்ததும் ஆடிட்டும் வீடியோவுக்கு வந்துவிட்டது: மடிக்கணினியில் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்துக் கட்டத்தில் தமிழ் தெரிந்த ஒரு அம்மா. இது அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு ஒத்திகையைக்கூட மடிக்கணினிக்கு முன்னால் வைத்துப் பார்க்கவில்லை.

பரீட்சை ஆரம்பித்தது. திரையில் டை கட்டிய வழுக்கைத்தலை புரொபசர். பக்கத்துக் கட்டத்தில் தமிழ் தெரிந்த லேடி டாக்டர். திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் பேசுவதையெல்லாம் புரொபசருக்கு மொழிபெயர்ப்பதற்காக இருந்தவர். எட்டு நிமிஷக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

"வணக்கம் ஐயா. இன்னைக்கு என்ன தொந்தரவுக்காக வந்தீங்க?"

நைனா திரையைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைமேல் வைத்தார்.

"ஒரு தொந்தரவும் இல்லிங்க மேடம்."

பெண் சிரித்தாள். கூச்சப்படும் நோயாளி என்று நினைத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவரை எப்படி விசாரிப்பது என்று நான்தான் பாடம் எடுத்திருந்தேன்.

"பரவால்ல, தயங்காம சொல்லுங்க. உடம்புல எங்கயாவது வலி?"

"உடம்பு ஃபஸ்ட் கிளாஸா இருக்கு. மாசாமாசம் டாக்டர் வந்து செக் பண்றாரு."

"சாப்பாடு எறங்குதா? வாந்தி எதுனா?"

"கேன்டீன் சாப்பாடு நல்லா இருக்கு. மோர் குடுக்குறாங்க."

"தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?"

"ஆர்ஓ தண்ணிங்க. பாத்ரூம் சுத்தமா இருக்கு. லேடீஸுக்குத் தனி."

லேடி டாக்டர் கடமை தவறாமல் அதை மொழிபெயர்த்தார். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருப்பதைப் புரொபசர் குறித்துக்கொண்டார்.

எனக்கு வியர்த்துவிட்டது. அலமாரி ஓரத்திலிருந்து என் வலது அடிவயிற்றைக் கையால் அமுக்கிக் காட்டினேன். முகத்தைக் கோணினேன். நைனா என்னைப் பார்த்துவிட்டார். ஆடிட் அன்றைக்கு ஆபீஸ் ஆளும் இப்படித்தான் மூலையில் நின்று ஜாடை காட்டுவாராம், பிறகு சொன்னார். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டுத் திரையிடம் சொன்னார்:

"ஃபயர் புடிச்சா வலது பக்கம் வாசல்ங்க."

"ஐயோ சாமி," என்றார் மடிக்கணினியைப் பிடித்திருந்த அம்மா. திரை ஆடியது.

மூன்றரை நிமிஷம் போய்விட்டது. வருஷம் போகிறது என்று பெண்ணின் முகத்தில் எழுதியிருந்தது. பிறகு அவள் நைனாவின் முதுகை, தொடைமேல் ஒட்டிவைத்த கைகளை, திரையை விட்டு அகலாத பார்வையைப் பார்த்தாள். அவளும் சூப்பர்வைசர் வீட்டுப் பெண்தானே. எழுந்து, நைனாவுக்கும் திரைக்கும் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மருத்துவப் புத்தகம் எதிலும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"ஆடிட்டு முடிஞ்சிடிச்சி. அவங்க வண்டி கம்பெனி கேட்டத் தாண்டிடிச்சி. டீ சொல்லட்டுமா?"

நைனாவின் தோள் இரண்டும் கீழே இறங்கின.

"போய்ட்டானுங்களா?"

"போய்ட்டாங்க."

"அப்பாடா. பேஜாரு புடிச்ச வேல மா இது." காலைத் தூக்கிக் கட்டிலில் சம்மணம் போட்டார். "இப்ப கேளு, சொல்றேன்."

சொன்னார். முழங்கால். இடுப்பு. பொங்கலிலிருந்து உள்ளங்கை வெடித்து, தோல் ஊறவைக்கும் மருந்துத் தண்ணீர் பட்டால் எரிவது. "கிளவுஸு ஒம்போது மணிக்குக் குடுப்பாங்க, ஆடிட்டர் கெளம்பினா பன்னெண்டுக்கு எண்ணி வாங்கிப்பாங்க." மூன்று மாதமாக ராத்திரியில் ஐந்து தடவை எழுந்து ஒண்ணுக்குப் போவது, எரிச்சல், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம், வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுவது. பெண் ஒவ்வொன்றையும் பிடித்துப் பிடித்து ஒழுங்காகக் கேட்டாள்: எப்போதிலிருந்து, எப்போது ஜாஸ்தி, ரத்தம் போனதா, எடை குறைந்ததா. என் நைனாவுக்கு இத்தனை உறுப்புகள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரே வீட்டில் ஒரு நர்சை வைத்துக்கொண்டு, என்னிடமும் இத்தனை நாள் ஆடிட் பதில்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அட்டையில் இருந்த வயிற்றுவலியை மட்டும் அவர் சொல்லவே இல்லை. வேடம் கலைந்தவர் நிஜத்துக்குப் போய்விட்டார். அவள் அவர் வயிற்றில் கைவைத்த நேரத்தில் மணி அடித்தது.

"சர்க்கரை நோயாக இருக்கலாம், சிறுநீரில் கிருமியும் இருக்கலாம், உடனே ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும்," என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். புரொபசர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார் லேடி டாக்டர் தமிழில், "இதுல குடல்வால்னுல்லா போட்டிருக்கு. நீ அந்த மனுசனுக்கு உள்ள வியாதிய கண்டுபிடிச்சுட்டியே."

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. மற்றப் பகுதிகளில் தேர்ச்சி. நோயாளியிடம் பேசும் முறைக்கு அந்த வருஷ மாணவர்களிலேயே அதிக மதிப்பெண். நோயைச் சரியாகச் சொல்வதில் பூஜ்யம். கூட்டினால் இந்த ஒரு பகுதியில் மட்டும் இரண்டு மதிப்பெண் குறைவு. கட்டணம் கட்டி ஒரு மாதத்துக்குள் அதை மட்டும் மறுபடி எழுதலாம், இல்லையென்றால் வருஷம் போச்சு.

நைனா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஃபாரின்காரன் உக்காந்து பாக்குறான். அவன் முன்னால எனக்கு வலிக்குது, வாந்தி வருதுன்னா யாருக்குடா கேவலம்? மானத்தக் காப்பாத்துன்னு நீதான சொன்ன?"

"நோயாளியா இருக்கறதுதான் நைனா அங்க மானம்."

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டிதானே. படிச்சவனுக்கு வெவரமே பத்தல."

அவள் சொன்ன பரிசோதனையை எங்கள் நர்சிங் ஹோமிலேயே செய்தேன். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மாத்திரை ஆரம்பித்தோம். நைனா மனம்வந்து இரண்டு விஷயத்தை ஒத்துக்கொண்டார்: தாகம் குறைந்தது, அந்தப் பெண் நிஜமாகவே டாக்டர்தான்.

இரண்டாவது தடவை நோயாளியாக நானே படுத்தேன். பழக்கிவிட்டவர் மற்ற மூன்று பேரில் ஒருவனுடைய அண்ணன். இந்தத் தடவை அட்டையில் சிறுநீரகக் கல். நைனாவைக் கீழ்வீட்டில் உட்காரவைத்து, மேலே வர விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்த முறை லீவு போட்டிருந்த சூப்பர்வைசருக்கு. எட்டு நிமிஷத்தில் அவள் என் கல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். முனகலில் நைனா அளவுக்கு நான் வரவில்லை என்று அவளுடைய அம்மா சொன்னார். ஆனாலும் தேர்ச்சி.

செலவை யார் ஏற்பது என்பதில் மட்டும் சண்டை. என் பொண்ணு பரீட்சை, நான்தான் கட்டுவேன் என்றார் சூப்பர்வைசர். பழக்கியவன் நான், தப்பு என்னுடையது என்றேன் நான். வாய் என்னுது என்றார் நைனா. கடைசியில் மூன்று பங்கு போட்டோம். மறுபரீட்சைக் கட்டணம் நூற்றிருபது டாலர், அதை அனுப்ப வங்கி பிடித்த கமிஷன், நைனாவின் ரத்தப் பரிசோதனை, எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.