ஞானம் அண்ணை பிடித்த சீட்டு

செய்தி வந்தபோது, ஞானம் அண்ணையோடு சண்டை பிடிக்கத்தான் நான் தொலைபேசியை எடுத்திருந்தேன். பேசியது அவருடைய மகள். "அப்பா காலமை போயிட்டார், அங்கிள்" என்றாள். சொல்ல வைத்திருந்த வசவெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. கடைசிச் சண்டையைக்கூடப் பிடிக்கவிடாத மனுஷன்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் அவரிடம் சீட்டுக் கட்டிய உங்கள் எல்லோருக்கும் அவருடைய கரைச்சல் தெரியும். காசோலை வாங்கமாட்டார். உறையில் போட்டு வாசலில் நீட்டினாலும் உள்ளே வந்து உட்காருவார். இரவு ஷிப்ட் முடித்துப் படுத்தவனை எழுப்பி, தேத்தண்ணி குடித்து, பெண்சாதியின் இருமல்வரை விசாரித்த பிறகே காசைத் தொடுவார். இத்தனைக்கும் கானாவில் வங்கி மனேஜராக இருந்தவர்.

கேட்டால் அந்த அக்ரா கதைதான். வங்கிக்கு எதிரே சந்தை. மீன் விற்கும் பெண்கள் வங்கிப் படியேறாமல், நாள்தோறும் கடை கடையாக வரும் சூசூக்காரனிடம், அதாவது அந்த ஊர்ச் சீட்டுக்காரனிடம், சேமிப்பைக் கொடுத்தார்களாம். அதை ஒழிக்கவேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதியவரே இவர்தான். பிறகு வங்கியிலேயே காசில்லாமல் சம்பளம் நின்றபோது, அரிசியோடும் கைமாற்றோடும் இவர் கதவைத் தட்டியவன் அதே சூசூக்காரன். "தினம் முகம் பாக்கிறவனுக்குத்தான் தெரியும்" என்பார்.

நல்ல கதைதான். அதற்கு விலை கொடுத்தது நான். எண்பதுகளின் கடைசியில், கொழும்பில் தனியே கிடந்த அம்மாவின் டிக்கெட்டுக்காக, வரும் தொகையில் எல்லோரையும்விடக் கூடிய கழிவு விட்டு அந்த மாதச் சீட்டை ஏலத்தில் கேட்டேன். முறைப்படி எனக்கே வரவேண்டியது. அண்ணையோ வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டில் ஹீட்டர் போடாமல் பிள்ளைகள் கோட்டோடு இருந்ததைக் கண்டாராம். கழிவே இல்லாமல் அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். போனில் கத்தினேன். "வாறன். தேத்தண்ணி போட்டு வையும்" என்றார். மழையில் பஸ் பிடித்து வந்து, என் ஏச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டே குடித்துவிட்டுப் போனார். அம்மா அடுத்த குளிருக்குத்தான் வந்தார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பாதியில் நின்ற சீட்டை நடத்த இப்போது என்னைப் பிடித்துவிட்டீர்கள். காசோலை போதும் என்று அறிவிக்கத்தான் இருந்தேன். எந்தப் புத்தியிலோ செவன் கிங்ஸில் நம்மிடம் சீட்டுக் கட்டும் ஒருவரின் வீட்டு மணியை அழுத்தினேன். வேலை போனதை எவருக்கும் சொல்லாமல் அந்த மனிதர் பகலில் படுத்திருந்தார். இந்த மாதத் தொகையை அவருக்கே கொடுத்தேன்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கரைச்சல்தான். கூடிய கழிவு விட்டுக் கேட்டவர் நேற்றுப் போனில் கத்தினார், இது என்ன நியாயம் என்று. அவர் கேட்டது சரிதான்.

"வாறன், தம்பி" என்றேன். "தேத்தண்ணி போட்டு வையும்."