இரும்புச் சத்துத் தண்ணி

மகளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச் சத்து டானிக்கைத் திறந்ததும் அதே வாடை, கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருக்கோடி அடிபம்பின் வாடை. கிறீச் கிறீச்சென்று அடிக்கும்போது தெளிவாய் விழும் தண்ணீர் குடத்தில் கொஞ்சம் நின்றாலே செம்பழுப்பாகிவிடும். அம்மா வெள்ளைத் துணியில் வடிகட்டி, மோந்து பார்த்து, முகம் சுளிப்பாள். பக்கத்து இரும்பு ஆலையில் வேலை பார்த்த அப்பாவோ, "அது இரும்புச் சத்து, ரத்தம் ஊறும், குடிங்க" என்பார். தெருவே அதை நம்பி, மாசமான பெண்களுக்கு ஒரு சொம்பு கூடுதலாகக் கொடுத்தது.

"அப்போ உங்க மேனேஜரு மட்டும் இன்னாத்துக்கு கேன் தண்ணி குடிக்கிறாரு?" என்றாள் அம்மா ஒருநாள்.

அந்தத் தெரு இப்போது ஆலை மதிலுக்குள். மூடியில் ஊற்றிய டானிக்கை மோந்தபடி நிற்கிறேன். நாளைக்கு டாக்டரிடம் கேட்க வேண்டும், அவர் பிள்ளைக்கும் இதைத்தான் கொடுப்பாரா என்று.