ஜப்பான் பிரபுவால் வந்த வினை

சரித்திர வாத்தியாருக்குச் செத்துப்போன ராசாக்களால் ஆபத்தில்லை; உயிரோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களால்தான். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று வியர்வை துடைத்த சக வாத்தியார்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் எனக்குத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதோ வீட்டுக்கு அனுப்புவதோ தாளாளர் இஷ்டம்.

வாயைக் கொடுத்த கதை

அன்று பத்தாம் வகுப்பில் ஒரு ஜப்பான் பிரபுவைப் பற்றிப் பாடம். மனுஷன் வாய்க்கால் வெட்டினார், பஞ்சத்தில் வரியைக் குறைத்தார். இருந்தும் ராணுவ ஆட்சித் தலைவரின் உத்தரவுப்படி மனைவி மக்களைத் தலைநகரில் பிணையாக விட்டுவிட்டுத்தான் தன் நாட்டை ஆளப் போக முடியும். அவர் கொஞ்சம் பிசகினாலும் அவர்கள் கதி அதோகதி.

சொல்லி வாய் மூடவில்லை, தாளாளரின் தங்கச்சி மகன் எழுந்தான். "சார், எங்க அப்பச்சி பினாங்குல இருக்காக, வரவே மாட்டேங்கிறாக. எங்க ஆத்தாளையும் என்னையும் இங்க யாரு சார் பிணையா வச்சது?"

அசோகர் இருக்க ஜப்பான் எதுக்கு

பையன் அப்பாவைப் பற்றிய அதே கேள்வியை வீட்டிலும் கேட்டிருக்கிறான். அவன் ஆத்தா அழுதிருக்கிறார். மறுநாளே தாளாளர் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது. போச்சுடா, இத்தோடு வேலை காலி என்று முடிவே கட்டிவிட்டேன். தலைமையாசிரியர் என்னைவிட அதிகமாகப் பயந்தார். "ஜப்பான்காரன் பொண்டாட்டி எங்கிட்டு இருந்தா உமக்கென்னய்யா? அசோகர் மரம் நட்டாருன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே!"

பாடத்தில் இல்லாத கேள்வி

வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், ஒரு தூணோரமாக நின்றேன். தாளாளர் ஊஞ்சலில் இருந்தார். பக்கத்தில் நின்ற அவர் தங்கச்சிதான் கேட்டார். "ஏன் வாத்தியாரே, அந்தப் பிரபு சம்சாரம் கடைசில வீட்டுக்காரர்கிட்டப் போய்ச் சேந்தாகளா?"

புத்தகத்தில் அது இல்லை. எனக்கும் தெரியாது. தெரியாது என்றால் சீட்டுக் கிழிந்துவிடும் என்ற பயத்தில், "போயிட்டாங்க ஆச்சி, சந்தோசமா இருந்தாங்க" என்றேன். தொடை நடுங்கியது வேட்டியிலேயே தெரிந்திருக்கும்.

ஆச்சி என் வேட்டியையே பார்த்தார். தாளாளர் தொண்டையைச் செருமினார். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது ஆச்சி அண்ணன் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இவரை அனுப்பிப்புடாதீக அண்ணே. பினாங்குலருந்து வருசா வருசம் வாரேன் வாரேன்னு எழுதுறாகளே, அவுக மாதிரி இல்ல. இவருக்குப் பொய் சொல்ல வரல."

ஆகவே மக்களே, எனக்கு வேலை நிரந்தரமானது படிப்பாலோ பட்டத்தாலோ இல்லை, ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லவிடாத பயத்தால்தான்.